பல்பு வாங்கப் போய் பல்பு வாங்கின கதை

உங்க வீட்டு ஹால்ல எரியுற எல்இடி பல்பை ஒரு தடவை கழட்டிப் பாருங்க (சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுத்தான்!). அடியில ஒரு உலோக மூடி இருக்கும். அதோட ரெண்டு பக்கமும் குட்டியா ரெண்டு பின் நீட்டிக்கிட்டு இருக்கும். ஹோல்டருக்குள்ள அழுத்தி, லேசாத் திருப்பினா மாட்டிக்கும். இந்த மூடிக்கு ஒரு பேர் இருக்கு: பி22. 22ங்கிறது அதோட விட்டம், மில்லிமீட்டர்ல.

இது தெரியாமலே நான் மூணரை வருஷம் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படிச்சு முடிச்சிட்டேன். சி.ஜி.பி.ஏ. எட்டுக்கு மேல. ஒரு கடைக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டு எனக்கு அதைப் புரிய வச்சார். அந்தக் கதையைச் சொல்லிட்டு, அதுக்கப்புறம் நம்ம எல்லார்கிட்டயும் ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் இந்தக் கட்டுரை. நான் பள்ளிக்கூடத்துல இருந்தே இங்கிலீஷ் மீடியம். அதனால தமிழ்ல எங்கயாவது தடுமாறினா மன்னிச்சிடுங்க.

அப்புச்சியோட யெஸ்டி

எங்க அம்மாவோட அப்பா, அதாவது எங்க அப்புச்சி, கோபி பக்கம் ஒரு கிராமத்துல இருக்கார். அவர்கிட்ட 1981ல வாங்கின யெஸ்டி ஒண்ணு இருக்கு. மைசூர்ல ஐடியல் ஜாவா கம்பெனி தயாரிச்ச வண்டி. கியர் போடற லீவரையே தூக்கி நிறுத்தி கிக்கராவும் உதைக்கிற அந்த டிசைனை இப்ப பாத்தாலும் எனக்கு ஆச்சரியமாத்தான் இருக்கும். அந்த ஃபேக்டரி 1996லயே மூடியாச்சு. அதாவது நம்ம பேட்ச்ல யாரும் பொறக்கறதுக்கு முன்னாடியே.

சட்டப்படி அது இன்னும் 'வின்டேஜ்' வண்டி கூட இல்லை. மத்திய அரசு 2021ல கொண்டு வந்த விதிப்படி, முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டினாத்தான் அந்தப் பட்டம் கிடைக்கும். அப்புச்சி வண்டிக்கு அது 2031லதான் வரும். அதுவரைக்கும் அது வெறும் பழைய வண்டி. காலையில தோட்டத்துக்கு, சாயங்காலம் பால் சொசைட்டிக்குன்னு தினமும் ஓடற வண்டி.

போன வருஷம் ஐப்பசி மாசம் அதோட ஹெட்லைட் பல்பு ஃபியூஸ் போயிடுச்சு. ஊர் மெக்கானிக் அண்ணன் நல்ல மனுஷன். "இந்த பல்பெல்லாம் இப்ப வர்றதே இல்லீங்க"ன்னு சொல்லி, கையில இருந்த வேற ஒரு பல்பை எப்படியோ கட்டி மாட்டிக் குடுத்திருக்கார். வண்டி 6 வோல்ட், பல்பு 12 வோல்ட். எரிஞ்சுது. மஞ்சளா, மெழுகுவத்தி மாதிரி.

நாலாவது நாள் சொசைட்டில இருந்து திரும்பி வரும்போது, பெயின்ட் அடிக்காத ஒரு வேகத்தடை அவர் கண்ணுக்குத் தெரியலை. வலது கை மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு, ஒன்றரை மாசம் கட்டு. அவருக்கு வயசு 73.

நான் லீவுக்குப் போனப்போ திண்ணையில உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த முதல் வார்த்தை, "அந்த வண்டியை வித்துடுங்க அப்புச்சி. புதுசா ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கலாம்." அவர் கோவிச்சுக்கலை. "வண்டி ஓடுது கண்ணு. வெளக்குதான் எரியல. வெளக்கு எரியலன்னு ஊட்டையா விப்பாங்க?"ன்னு கேட்டார்.

என்கிட்ட பதில் இல்லை. பல்பு தேடற வேலையை நான் எடுத்துக்கிட்டேன்.

"பேஸ் என்ன தம்பி?"

கோபில நாலு கடை. எல்லாரும் ஃபியூஸ் போன பல்பைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது நின்னு போச்சுப்பா"ன்னு சொன்னாங்க. கோயம்புத்தூர் உக்கடத்துல பழைய இரும்புக் கடைங்கள்ல ஒரு சனிக்கிழமை முழுக்க சுத்தினேன். யெஸ்டியோட டேங்க் கிடைச்சுது, சைலன்சர் கிடைச்சுது, பல்பு மட்டும் கிடைக்கலை. ஆன்லைன்ல 'யெஸ்டி ஹெட்லைட் பல்பு'ன்னு போட்டு ஒண்ணு ஆர்டர் பண்ணினேன். வந்ததை ஹோல்டருக்குள்ள வச்சா லொடலொடன்னு ஆடுது. ரிட்டர்ன்.

டிசம்பர்ல ஒரு இன்டர்வியூக்காக சென்னை போனேன். முடிஞ்சதும் ஃபார்மல் சட்டையோடவே புதுப்பேட்டை. அங்க ஒருத்தர் ஜி.பி. ரோட்டுக்கு அனுப்பி வச்சார். அங்க மூணாவது கடையில அறுபது வயசு மதிக்கத்தக்க ஒரு அய்யா இருந்தார். "யெஸ்டிக்கு ஹெட்லைட் பல்பு வேணும்ங்க"ன்னேன்.

"யெஸ்டிக்குன்னு தனியா பல்பு கிடையாது தம்பி. பேஸ் என்ன? வோல்ட் என்ன? வாட் என்ன?"

வோல்ட் தெரியும். மத்ததுக்கு முழிச்சேன். என் கையில இருந்த ஃபைலைப் பாத்து, "என்ன படிக்கிறே?"ன்னார். சொன்னேன். அவர் சிரிக்கலை. அதுதான் இன்னும் வலிச்சுது. பழைய பல்பை வாங்கி, துணியால துடைச்சு, கண்ணாடியை நெத்திக்குத் தூக்கிட்டு, மூடி விளிம்புல அழிஞ்சும் அழியாம இருந்த எழுத்தைப் படிச்சார். "6 வோல்ட், 35/35. பேஸ் பிஏ20டி." உள்ள போய் ஒரு தகர டப்பாவோட வந்தார். அதுல இருபது பல்பு இருந்துச்சு. ஒண்ணு தொண்ணூறு ரூபாய். புதுசு. போன வருஷம் தயாரிச்சது.

பல்பு வாங்கப் போய் நல்லாவே பல்பு வாங்கினேன். ரெண்டு மாசமா நான் 'நின்னு போச்சு'ன்னு நினைச்ச சாமான் நிக்கவே இல்லை. நான்தான் தப்பான பேர் சொல்லித் தேடியிருக்கேன்.

ஒரு மூடிக்குள்ள இவ்வளவு விஷயமா

ஹாஸ்டலுக்கு வந்து அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். அந்தக் குறியீடு ஒரு முழு வாக்கியம் மாதிரி. பி-ன்னா பேயனட், அதாவது அழுத்தித் திருப்பி மாட்டறது. ஏ-ன்னா ஆட்டோமொபைல். 20-ன்னா மூடியோட விட்டம் 20 மில்லிமீட்டர். கடைசில வர்ற டி-ன்னா அடியில ரெண்டு கான்டாக்ட், எஸ்-ன்னா ஒண்ணு. இதெல்லாம் ஐ.இ.சி. 60061ங்கிற சர்வதேச தரத்துல அளவோட வரைஞ்சு வச்சிருக்காங்க. எந்தக் கம்பெனி வேணும்னாலும் அதைப் பாத்துச் செய்யலாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பிஏஒய்15டி. பின்னாடி எரியுற 21/5 வாட் பல்புல வர்ற மூடி இது. அந்த பல்புக்குள்ள ரெண்டு ஃபிலமென்ட். 5 வாட் எப்பவும் எரியும், 21 வாட் பிரேக் பிடிச்சா எரியும். தப்பாத் திருப்பி மாட்டினா ரெண்டும் இடம் மாறிடும். பிரேக் பிடிக்காதப்போ பளிச்சுன்னும், பிடிச்சா மங்கலாவும் எரிஞ்சா பின்னாடி வர்றவன் கதி என்ன? அதைத் தடுக்க, ரெண்டு பின்னையும் வேற வேற உயரத்துல வச்சுட்டாங்க. தப்பா மாட்டணும்னு நினைச்சாலும் உள்ள போகாது. சென்சார் இல்லை, கோடிங் இல்லை. ரெண்டு பின், அவ்வளவுதான். நம்ம டிசைன் வகுப்புல 'ஃபூல் ப்ரூஃப்'னு ஒரு ஸ்லைடு ஓடுமே, அதுக்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பாத்ததில்லை.

பேஸ் தெரிஞ்சாச்சு. ஆனா அப்புச்சி வண்டில அந்த 12 வோல்ட் பல்பு ஏன் அவ்வளவு மோசமா எரிஞ்சுது? இழை பல்புல வெளிச்சம் வோல்டேஜோட ஏறக்குறைய 3.4 மடிப்பா மாறும். வோல்டேஜ் பாதியானா வெளிச்சம் பாதி ஆகாது, சுமார் பத்துல ஒரு பங்குதான் மிஞ்சும். அப்புச்சி நாலு நாள் ஓட்டினது அந்தப் பத்துல ஒரு பங்கு வெளிச்சத்துலதான்.

சரி, சரியான பல்பு போட்டா பிரச்சினை தீர்ந்துதா? அதுவும் இல்லை. புது பல்பைப் போட்டும் முதல்ல மங்கலாத்தான் எரிஞ்சுது. கணக்குப் போட்டுப் பாருங்க. 35 வாட் பல்பு 6 வோல்ட்ல கிட்டத்தட்ட 5.8 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட்ல அதே 35 வாட்டுக்கு 2.9 ஆம்பியர்தான். ஹோல்டர்ல துரு, சுவிட்ச்ல பச்சை பிடிச்ச செம்புன்னு வழியில வெறும் 0.1 ஓம் இருந்தா, 12 வோல்ட் வண்டில வெளிச்சம் நூத்துல எட்டுப் பங்கு குறையும். 6 வோல்ட் வண்டில கால் பங்குக்கு மேல காணாமப் போகும். 'பழைய வண்டின்னா லைட் அப்படித்தான்'னு சொல்றோமே, பாதி நேரம் தப்பு பல்பு மேல இல்லை, துரு மேல. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, எர்த் ஒயரைப் புதுசா மாத்தினோம். வேகத்தடை தெரியற அளவுக்கு வெளிச்சம் வந்துச்சு.

"எல்இடி போட்டுட்டுப் போயேன்"

இந்தக் கதையை ரூம்ல சொன்னதும் எல்லாரும் கேட்ட கேள்வி இது. கேள்வி நியாயமானதுதான். எல்இடி கரன்ட் கம்மியா இழுக்கும், ரொம்ப நாள் உழைக்கும். எல்இடிக்கு எதிரா நான் எதுவும் சொல்ல வரலை. ஆனா பழைய லைட்டுக்குள்ள எதையாவது வாங்கிச் சொருகறதுக்கு முன்னாடி சில விஷயம் தெரிஞ்சுக்குங்க.

ஹெட்லைட்டுக்குள்ள இருக்கிற அந்தக் குழிஞ்ச கண்ணாடி ஒரு பரவளையம். பிளஸ் டூல படிச்சதுதான். குவியத்துல வச்ச ஒளி இணையா வெளிய போகும். ஃபிலமென்ட் சரியா அந்த இடத்துல இருக்கும்னு நம்பித்தான் அதைச் செஞ்சிருக்காங்க. மலிவான எல்இடி பல்புல ஒளி வர்ற இடம் ரெண்டு மூணு மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலே போதும். உங்களுக்கு ரோடு தெரியாது, எதிர்ல வர்றவருக்குக் கண்ணு கூசும். பளிச்சுன்னு இருக்கறதும் ரோடு தெரியறதும் ஒண்ணு இல்லை.

பின் விளக்குல சிவப்புக் கண்ணாடி இருக்குன்னு வெள்ளை எல்இடி போட்டா சாயம் போன மாதிரித் தெரியும், சிவப்பு எல்இடிதான் போடணும். இண்டிகேட்டர்ல பழைய ஃப்ளாஷர் பல்பு இழுக்கிற கரன்ட்டை நம்பித்தான் டிக் டிக்குன்னு அடிக்கும். எல்இடி இழுக்கிற கரன்ட் அதுக்குப் பத்தாது. ஒண்ணு வேகமா அடிக்கும், இல்லை அடிக்கவே அடிக்காது. ஃப்ளாஷரையும் மாத்தணும். அதே மாதிரி, 'எச்4 ஹாலஜன் போட்டா சூப்பரா இருக்கும்'னு யாராவது சொன்னா, அது 60/55 வாட்ங்கிறதை ஞாபகம் வச்சுக்குங்க. 6 வோல்ட்ல 60 வாட்னா 10 ஆம்பியர். அந்தக் காலத்து டைனமோ மொத்தமா தர்றதே நூறு வாட்டுக்குள்ளதான்.

அதனால பழைய வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு என் சிபாரிசு: கடைக்குப் போகும்போது வண்டி பேரை விடுங்க. வோல்ட், வாட், மூடியோட விட்டம், பின் ரெண்டும் ஒரே உயரமா இல்லையா, அடியில கான்டாக்ட் ஒண்ணா ரெண்டா. இந்த அஞ்சையும் எழுதிக்கிட்டு, பழைய பல்பைக் கையோட கொண்டு போங்க. எழுத்து அழிஞ்சிருந்தா வெர்னியர் காலிபர் வச்சு அளங்க. ஃபர்ஸ்ட் இயர்ல படிச்ச வெர்னியர் இங்கயாவது உதவட்டும்.

அந்த பல்பு ஏன் சாகலை?

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். வண்டி செஞ்ச ஃபேக்டரி 1996ல மூடியாச்சு. பல்பு இன்னிக்கும் புதுசாத் தயாராகுது. எப்படி?

அந்த மூடி அந்தக் கம்பெனிக்குச் சொந்தமில்லை, அதனாலதான். அதே பிஏ20டி பல வண்டிகள்லயும் இருக்கு. ஒரு மாடல் செத்தாலும் இன்னொண்ணு அதை வாழ வச்சுது. ஆனா அதே யெஸ்டியோட பின் விளக்குச் சிவப்புக் கண்ணாடி அந்த மாடலுக்குன்னே செஞ்சது. அது விரிசல் விட்டிருக்கு. ஒரிஜினல் இன்னிக்கு வரை எனக்குக் கிடைக்கலை. நகல்னு வாங்கினது ஸ்க்ரூ துளைக்கே உக்காரலை. பல்பு தொண்ணூறு ரூபாய்க்குக் கிடைச்சுது, வெறும் பிளாஸ்டிக் கிடைக்கலை.

அமெரிக்கா கதை இதைவிடத் தெளிவு. அங்க 1940 மாடல் கார்கள்ல இருந்து பல வருஷம் எல்லாக் கார்லயும் ஏழு இன்ச் வட்டமான சீல்டு பீம் ஹெட்லைட்தான் இருந்துச்சு. பல்பு, ரிஃப்ளெக்டர், கண்ணாடி எல்லாம் ஒரே துண்டு. ஃபியூஸ் போனா மொத்தமாக் கழட்டிப் போட வேண்டியதுதான். 'யூஸ் அண்ட் த்ரோ' மாதிரி இருக்கா? ஆனா எந்தக் கம்பெனி காரா இருந்தாலும் அதே ஏழு இன்ச். எந்தக் கடையிலயும் கிடைக்கும், விலையும் கம்மி. அதே ஏழு இன்ச் வட்டம்தான் நம்ம ஊர் அம்பாசடர்லயும் பழைய ஜீப்லயும். இன்னிக்கும் அந்த வட்டத்துக்குள்ள சீல்டு பீமும் போடலாம், எச்4 செட்டும் போடலாம், எல்இடி செட்டும் போடலாம். எண்பது வருஷத்துக்கு மேல ஆகியும் அந்த ஓட்டையோட அளவு மாறலை.

அதனால மூடி ஒட்டறது மட்டும் தப்புன்னு சொல்ல முடியாது. யாருக்கும் பொருந்தாத அளவுல மூடி ஒட்டறதுதான் தப்பு.

முதல்ல சொன்ன பி22 ஞாபகம் இருக்கா? எங்க அப்புச்சி வீட்டுல அதே ஹோல்டர்ல குண்டு பல்பு எரிஞ்சுது. அப்புறம் சி.எஃப்.எல். இப்ப 9 வாட் எல்இடி. மூணு தலைமுறை டெக்னாலஜி மாறியாச்சு. யாரும் சுவரை இடிக்கலை, ஒயரிங் மாத்தலை. புது டெக்னாலஜி பழைய ஹோல்டர்ல வந்து உக்காந்துக்கிச்சு. எல்இடி இவ்வளவு சீக்கிரம் கிராமத்து வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்ததுக்கு அந்த மூடியும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

இப்ப என் ரூம்மேட் ஸ்கூட்டருக்கு வாங்க. வாங்கி நாலு வருஷம்தான் ஆகுது. எல்இடி ஹெட்லைட். போன மழையில உள்ள தண்ணி இறங்கி ஒரு பக்கம் செத்துப் போச்சு. சர்வீஸ் சென்டர்ல "பல்பு தனியா வராது சார், முழு அசெம்ப்ளி மாத்தணும்"னாங்க. மூவாயிரத்துச் சொச்சம், அதுவும் ஸ்டாக் இல்லை, மூணு வாரம் ஆகும். நாற்பது வருஷப் பழைய வண்டிக்குத் தொண்ணூறு ரூபாய், அதுவும் கையோட. நாலு வருஷ வண்டிக்கு மூவாயிரம், மூணு வாரம். அந்த மூணு வாரமும் அவன் ஒத்தைக் கண் வெளிச்சத்துலதான் ஓட்டினான்.

இன்னும் பதினஞ்சு வருஷம் கழிச்சு, அந்த மாடல் நின்ன பிறகு அதை யார் வச்சிருப்பாங்க? ரெண்டாவது, மூணாவது கை மாறி, யாரோ ஒரு பால்காரர், ஒரு கட்டட வேலைக்குப் போறவர். அவங்க அசெம்ப்ளி எங்க தேடுவாங்க? மெக்கானிக் அண்ணன் எதையோ கட்டிக் குடுப்பார். அப்புறம் ஏதோ ஒரு வேகத்தடை.

"அதெல்லாம் முடியாதுப்பா"

இதை டிபார்ட்மென்ட்ல பேசினப்போ வந்த மறுப்புகளையும் சொல்லிடறேன்.

ஒண்ணு, எல்இடி வண்டி ஆயுசுக்கும் வரும், மாத்தவே வேண்டாம். எல்இடி சிப் வரும், உண்மைதான். ஆனா அதுக்குப் பின்னாடி இருக்கிற டிரைவர் சர்க்யூட், சாலிடர், ரப்பர் சீல்? சூடும் ஈரமும் குலுக்கலும் முதல்ல கொல்றது அதையெல்லாம்தான். ரூம்மேட் ஸ்கூட்டரே சாட்சி.

ரெண்டு, எல்இடிக்கு ஹோல்டர் எல்லாம் ஒத்து வராது. இது சரியில்லை. வண்டிகள்ல மாட்டற எல்இடி ஒளி மூலங்களுக்குன்னே ஐ.நா. விதிமுறை 128 இருக்கு. 2020ல ஜெர்மனியில, எச்7 ஹோல்டர்லயே மாட்டற எல்இடி பல்பை, சோதிச்சுப் பாத்த குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு அனுமதிச்சிருக்காங்க. ஃபிலமென்ட் இருந்த அதே இடத்துல ஒளி வர்ற மாதிரி கவனமா டிசைன் பண்ணினா முடியும். கஷ்டம்தான். ஆனா முடியும்.

மூணு, டிசைனுக்கு சுதந்திரம் வேணும். எல்லா வண்டிக்கும் ஒரே வட்ட லைட்டா? இதுல நியாயம் இருக்கு. எனக்கும் மெல்லிசான அந்தக் கோடு மாதிரி லைட் பிடிக்கும். ஆனா வெளி உருவம் எப்படி வேணா இருக்கட்டும். உள்ள எரியுற பாகமும் டிரைவரும் தனியாக் கழட்டி மாத்தற மாதிரி, நாலு கம்பெனிக்குப் பொதுவான அளவுல இருந்தாப் போதும். முகம் தனித்தனியா இருக்கலாம், ரத்த குரூப் பொதுவா இருக்கணும்.

நாலு, பழைய வண்டி புகை விடும், ஒழியட்டும். அப்புச்சி வண்டி டூ ஸ்ட்ரோக், புகை விடுது, மறைக்க மாட்டேன். அதை நூறு வருஷம் ஓட்டணும்னு நான் சொல்லலை. ஆனா ஒரு வண்டி ஓடற வரைக்கும் அதோட லைட் எரியணும். ஏன்னா ரோட்டுல அது தனியாப் போகலை. எதிர்ல நீங்க வர்றீங்க.

சட்டமும் மெதுவா இந்தப் பக்கம் திரும்புது. ஐரோப்பாவில 2021 மார்ச்ல இருந்து வாஷிங் மெஷின் மாதிரி சாமான்களுக்குக் குறிப்பிட்ட உதிரி பாகங்களைப் பத்து வருஷம் வரைக்கும் கிடைக்க வைக்கணும்னு விதி இருக்கு. நம்ம மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பர்ல 'ரைட் டு ரிப்பேர்' போர்ட்டல் தொடங்கிச்சு. அதுல எடுத்த நாலு துறைகள்ல ஆட்டோமொபைலும் ஒண்ணு. நல்ல விஷயம். ஆனா போர்ட்டல்ல யாரைக் கூப்பிடணும்னு தகவல் கிடைக்கலாம். ஹோல்டரே இல்லாத லைட்டுக்கு எந்த போர்ட்டலும் பல்பு குடுக்க முடியாது. அதை டிசைன் பண்றப்பவே யோசிச்சிருக்கணும்.

அந்த டிசைன் டேபிள்ல யார் உக்காரப் போறா?

நாமதான்.

அடுத்த ஜூன், ஜூலைல நம்மள்ல பல பேர் ஹோசூர்லயோ ஒரகடத்துலயோ ஏதோ ஒரு வண்டிக் கம்பெனில, இல்லை அதுக்குப் பாகம் செய்யற கம்பெனில ட்ரெய்னியா இருப்போம். லைட்டுக்கு ஒரு ஸ்க்ரூ குறைச்சா எவ்வளவு மிச்சம்னு எக்செல்ல கணக்குப் போடற வேலை நமக்குத்தான் வரும். ட்ரெய்னியால என்ன பண்ண முடியும்னு கேப்பீங்க. பெருசா ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா மீட்டிங்ல ஒரே ஒரு கேள்வி கேக்கலாம்: "சார், இது பதினஞ்சு வருஷம் கழிச்சு போச்சுன்னா, கோபில ஒரு மெக்கானிக் என்ன பண்ணுவார்?"

அதுக்கு முன்னாடி, நம்ம கேம்பஸ்லயே தொடங்கலாம். இப்ப ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூ நடக்குது. அவுட்புட் வருதா, பேப்பர் போட்டாச்சான்னு கேக்கறாங்க. எது முதல்ல கெட்டுப் போகும், அதை யார் எப்படி மாத்துவாங்கன்னு யாரும் கேக்கறதில்லை. என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல ஒரு பக்கம் அதுக்கு ஒதுக்கியிருக்கேன். கைடு முதல்ல "இது எதுக்கு?"ன்னார். கதையைச் சொன்னேன். "சரி, இருக்கட்டும்"னார். உங்க ரிப்போர்ட்லயும் ஒரு பக்கம் எழுதுங்க. எந்தப் பாகம் பொதுவான அளவு, எது நீங்களே செஞ்சது, நீங்களே செஞ்சது போனா மாத்து என்ன. ஒரு பக்கம் போதும்.

ஜி.பி. ரோட்டு அய்யாகிட்ட நான் ஒண்ணு கேட்டப்போ நாலு பல்பா வாங்கிக்கச் சொன்னார். "ஸ்டாக் தீர்ந்துடும்னா?"ன்னு கேட்டேன். "இல்ல தம்பி, நீ இவ்வளவு தூரம் வந்திருக்கியேன்னு"ன்னார்.

மூணு பல்பு இப்ப எங்க அம்மாயியோட பீரோவுல, பட்டுச் சேலைக்கு நடுவுல இருக்கு. நாலாவது வண்டில எரியுது. கட்டுப் பிரிச்சு ரெண்டு வாரம் கழிச்சு அப்புச்சி போன் பண்ணினார். சொசைட்டில இருந்து வந்ததும் கூப்பிட்டிருக்கார் போல, பின்னாடி என்ஜின் சத்தம் கேட்டுது.

"வேகத்தடை நல்லாத் தெரியுது கண்ணு"ன்னார்.